இடது பக்கம் ஆஸ்பத்திரி

— நாற்காலிக் கடைதான் பொணக்கடை ஆச்சுன்னு எழுதினா உங்க குடும்பத்துக்கு வருத்தமா இருக்குமா, மிஸ்டர் டாக்கெட்?

— தாராளமா எழுது, டார்லீன். சொல்றேன் கேளு. எங்க தாத்தா மேசை நாற்காலி செஞ்சவர். சவப்பெட்டியும் அவரே செஞ்சார். பெட்டி செய்யறவன்கிட்டயே பொணத்தையும் ஒப்படைச்சுட்டாங்க. எங்க போட்டிக் கடைக்காரன் ஸ்டெக்கர் வீட்டுக் கதையும் அதேதான். உங்கம்மாவுக்கு இன்னொரு காபி ஊத்தட்டுமா?

— எனக்கு வேணாம், ஓர்வில். எண்பத்தேழு வயசுல ரெண்டாவது காபி குடிச்சா ராத்திரி பூரா ஒஹையோ ஆத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அவ கேக்கறதைச் சொல்லி முடி, நாங்க கிளம்பறோம்.

— இரும்மா. நகரசபை மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. ஈமச்சடங்கு இல்லங்களோட வரலாறு மட்டும்தான் பாக்கி. முப்பத்தேழாம் வருஷ வெள்ளத்துல பெட்டிங்க தெருவுல மிதந்ததைச் சொன்னீங்க. ஆம்புலன்ஸைப் பத்தி வாயே தொறக்கலையே?

— அதுல என்ன இருக்கு? அப்போ ஊர்ல வேற ஆம்புலன்ஸ் கெடையாது. ஆளைப் படுக்க வெச்சுக் கொண்டு போற வண்டி எங்ககிட்டதான் இருந்துச்சு. காலையில பொணம் ஏத்தின அதே வண்டி, மேல செவப்பு விளக்கை மாட்டினா ஆம்புலன்ஸ். ஃபோன் வந்தா நானும் ஸ்டெக்கரும் அடிச்சுப் புடிச்சு ஓடுவோம். முதல்ல போய்ச் சேர்றவனுக்குத்தான் ஆளு. சிரிக்காதே.

— நான் சிரிக்கலை. ஸ்டெக்கரோட டைரிகளை அவர் பேத்தி நூலகத்துக்குக் குடுத்துட்டா. அறுபத்தேழாம் வருஷம், அக்டோபர். எங்கப்பா நிலக்கரிப் படகுல இருந்து விழுந்த அன்னிக்கும் எழுதியிருக்கார். படிக்கட்டுமா?

— டார்லீன், போதும்டி.

— "டாக்கெட் முந்திக்கொண்டான். நான் பின்னாலேயே போனேன். ஏற்றும்போது வர்ஜில் ப்ரூயிட்டுக்கு மூச்சு இருந்தது. மூன்றாம் தெரு முனையில் இடது பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல், வலது பக்கம் தன் கடைக்குத் திருப்பினான்."

— ஆமா. திருப்பினேன்.

— அவ்வளவுதானா?

— அன்னிக்குக் காலையிலயே ரெண்டு பொணம் கொண்டு வந்திருந்தேன். அந்த முனைக்கு வந்தா கை தானா வலது பக்கம் போயிடும். வாசல்ல நிறுத்திப் பின்கதவைத் தொறந்தப்பதான் நெஞ்சு ஏறி எறங்கறதைப் பாத்தேன். வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள போயிட்டார். என் பேரைப் போட்டே எழுது.

— உங்க பேரன்தானே இப்போ கடையைப் பாத்துக்கறான்? இது அச்சுல வந்தா அவன் வாசப்படியை எவன் மிதிப்பான்?

— தெரியும். எழுது.

— ஐம்பத்தெட்டு வருஷமா கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் எங்க வாசல்ல பன்றித்தொடைக் கறி வெச்சுட்டுப் போனீங்களே. இதுக்குத்தானா? எங்கப்பா உசுருக்கு ஈடா அது?

— இமோஜீன், கோட்டை மாட்டிக்கோ. பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போ.

— நீ உக்காரு, ஓர்வில். எவ்வளவு நாளைக்குத்தான் நீயே சுமப்பே? வலது பக்கம் போகச் சொன்னது நான்தாண்டி, டார்லீன். வண்டியில உங்கப்பா பக்கத்துல உக்காந்திருந்தேன். "போயிட்டார், உன் கடைக்கே விடு"ன்னு சொன்னேன்.

— அம்மா!

— பதட்டத்துல சொன்னா, டார்லீன். சொல்றேன் கேளு. இருபத்தொம்பது வயசு, மடி பூரா புருஷன் ரத்தம், அவளுக்கு என்ன தெரியும்? நான்தான் நிறுத்தி நாடி பாத்திருக்கணும். அவ பேரை மட்டும் எழுதாதே.

— பதட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன்கிட்டகூட இதைச் சொன்னதில்ல, ஓர்வில். அவர் கை என் கையிலதான் இருந்துச்சு, நாடி நல்லாவே துடிச்சுது. அதுக்கு மூணு நாள் முன்னாடி, டார்லீன், நாலு வயசுக் கொழந்தை உன் கையைத் தோள் எலும்பு ஒடியற வரைக்கும் முறுக்கின கைடி அது.