சுளுக்கு என்று சொன்னேன்

போட்டிக்கு முன் பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிடுவது என் வழக்கம். கோபாலபுரத்தை அடுத்த எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடமாக நான்தான் விளையாட்டு டீச்சர். ஒரு பிள்ளையையும் கைநீட்டி அடித்ததில்லை.

வாலிபால் பயிற்சியில் வனிதாவின் வலது கட்டைவிரல் பின்னால் மடங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. வீக்கம் வடியாததால் பொள்ளாச்சிக்குக் கூட்டிப்போய் எம்.ஆர்.ஐ. எடுக்கவைத்தேன். கழற்றிய கம்மலை அவள் வெளியே மாட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னிடம் படத்தைக் காட்டினார். விரலடியில் நார் முழுதாக அறுந்து, முனை மடங்கிக் கிடந்தது. தானாக ஒட்டாது, மூன்று வாரத்துக்குள் தைக்கவேண்டும், தவறினால் விரலில் பிடிப்பே இருக்காது என்றார். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

மாநிலப் போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பந்தைத் தூக்கிக் கொடுப்பவள் வனிதா. அடிப்பவள் என் மகள் யோகப்பிரியா. இவள் கொடுக்காமல் அவளுக்கு ஆட்டமில்லை. அவளுடைய கல்லூரி இடமும் அந்தப் போட்டியைத்தான் நம்பியிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வனிதாவின் அப்பா குப்பண்ணன் எதிரே வந்தார்.

“ஏனுங்க டீச்சர், என்னவாமுங்க?”

“சுளுக்குத்தானுங்க.”

“அதுக்கா புள்ளையக் குழாய்க்குள்ள தள்ளுனாங்க? எங்கூட்டு எருமை சுளுக்கோடயே தோட்டஞ் சுத்துதுங்க. நீங்க சொன்னாச் சரி.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ரிப்போர்ட்டைப் பீரோவில் சேலைக்கடியில் வைத்தேன். விரலை இறுக்கிக் கட்டி அவளை ஆடவிட்டேன். தினமும் மாலையில் எண்ணெய் காய்ச்சி, என் கையாலேயே உருவிவிட்டேன். ஜெயித்தோம். யோகப்பிரியாவுக்கு இடம் கிடைத்தது.

டாக்டர் சொன்ன மூன்று வாரத்தில் அப்போதும் ஒன்பது நாள் மிச்சமிருந்தது. பாராட்டு விழாவில் வனிதா அத்தனை சந்தோஷமாக இருந்தாள்; அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பத்தாம் நாள் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். அம்மன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, வாசலிலேயே கும்பிட்டுத் திரும்பினேன்.

நான்கு மாதமாகிறது. அவளால் பேனாவைப் பிடிக்க முடிவதில்லை. சாவியைத் திருப்ப முடிவதில்லை. “உங்க கை பட்டாத்தானுங்க டீச்சர் நோவு அடங்குது” என்கிறாள்.

ஒன்றையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். ஆனால் இதை அவளிடம் கொடுக்கமாட்டேன். படித்தால் குழந்தை மனசு தாங்காது. ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். எண்ணெயைச் சூடாக்கவேண்டும்.