அளக்க வேண்டாம் என்றவர்

ஐயா, தங்கள் ஜீப்பின் பின்சக்கரம் ஒன்று லேசாக ஆடுகிறது என்பதை முதலில் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். என்னை ஸ்டேஷனுக்கு அழைத்து வரும் வழியிலேயே கவனித்தேன். நட்டுகளை ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். பெரிய வேலை இல்லை.

இனி என் விஷயம். நான் சக்கரக் கடை வைத்திருப்பவன். பெரிய வண்டிகளுக்கு ஸ்பேசர் பொருத்துவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் கனமான உலோக வளையம்தான் ஸ்பேசர். அதைப் போட்டால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். வண்டி மார்பை நிமிர்த்தியதுபோல் தெரியும். ஆனால் விரலில் மோதிரம் உட்காருவதுபோல், வளையத்தின் நடுத்துளை ஹப்பில் உட்கார வேண்டும். துளை பெரிதானால் பாரமெல்லாம் போல்ட்டுகளின் தலையில் விழும். அவையும் எத்தனை தூரம்தான் தாங்கும்? ஆகவே நான் அளக்காமல் எதையும் பொருத்துவதில்லை.

இதற்காகவே என் தங்கையின் கணவர் எனக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பெயர் சூட்டினார். மிகவும் கலகலப்பான மனிதர், ஐயா. “மச்சான் கொட்டாவி விடுறதுக்கே ஸ்கேல் வெச்சுப் பாத்துட்டுத்தான் வாயைத் திறப்பாரு” என்பார். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். என் மனைவி சிரிப்பாள். நானும் சிரிப்பேன். நாளடைவில் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கடைக்கு வழி கேட்டால் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

சென்ற மாதம் புது வண்டியோடு வந்தார். மலைப்பக்கம் போகும் திட்டம் என்றார்.

“மச்சான், வண்டி பாக்க கெத்தா இருக்கணும். ஸ்பேசர் போடுங்க. ஆனா அளக்குறேன்னு உக்காந்துடாதீங்க, எனக்குப் பேரனே பொறந்துருவான்.”

“அளக்கவே வேண்டாமா, மாப்பிள்ளை?”

“வேண்டவே வேண்டாம்.”

வாடிக்கையாளரின் விருப்பத்தை மதிப்பது என் வழக்கம். ஆயினும் பழக்கதோஷத்தால் ஹப்பை அளந்தேன். பிறகு அலமாரியில் இருந்தவற்றில், துளை ஆறு மில்லிமீட்டர் பெரிதான வளையங்களை எடுத்துப் பொருத்தினேன். கச்சிதமாக ஆறு. தேடி எடுக்கச் சற்று நேரமாயிற்று.

ஸ்பேசர் போட்ட வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும் திரும்பி வந்து நட்டுகளை மறுபடி இறுக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் தொழிலில் அது கட்டாயம். அதையும் மறக்காமல் சொன்னேன். அவர் யார் பேச்சையும் கேட்பவர் அல்ல. வராவிட்டால் பொறுப்பு அவருடையதுதானே?

அவர் வந்துவிட்டார், ஐயா. தங்கையும் பெட்டிகளோடு உடன் வந்திருந்தாள்.

“ஸ்டீயரிங் லேசா நடுங்குது மச்சான். மலையேறுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு தடவை காட்டிடலாம்னு வந்தேன். நீங்க பாத்தா எனக்கு நிம்மதி.”

அன்று ‘மில்லிமீட்டர்’ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

எங்களிடம் ஒரு ஸ்பேனர் உண்டு. அதில் வைத்த அளவுக்கு நட்டு இறுகியதும் ‘டக்’ என்று ஒலிக்கும். நான் நட்டுகளைத் தளர்த்தி, ஸ்பேனரை ஆகக் குறைந்த அளவில் வைத்து, ஒவ்வொன்றாக இறுக்கினேன். உடனுக்குடன் ‘டக்’ என்றது. அந்த ஒலி அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

“கச்சிதமா இருக்கு மாப்பிள்ளை. தைரியமா போயிட்டு வாங்க” என்றேன்.

தங்கை முன் இருக்கையில் இருந்தாள். “நீ இறங்கும்மா. அண்ணி காபி போடுறா, குடிச்சிட்டு நாளைக்கு பஸ்ல போய்க்கலாம்” என்றேன். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். நல்ல பெண்; அண்ணன் பேச்சைத் தட்டமாட்டாள்.

மலையிறக்கத்தின் வளைவொன்றில் முன்சக்கரம் தன் வழியே போய்விட்டது. மற்றதைத் தாங்களே நேரில் பார்த்தீர்கள்.

ஆகவே, ஐயா, வளையங்களைத் தேர்ந்தெடுத்தவன் நான். நட்டுகளைத் தளர்த்தியவனும் நான். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்திடுகிறேன். ஆனால் அவருக்குத் தீங்கு நேரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை என்பதையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள்.

தங்கைதான் துக்கத்தில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்: “என்னை மட்டும் ஏண்ணா இறங்கச் சொன்னே?”

காபிக்காகத்தான், ஐயா.