மூன்றாம் அழைப்பு

இரவு இரண்டு நாற்பது. இரும்புலியூர் உள்சாலை. தெருவிளக்கு இல்லை. அன்று நாய்கூட இல்லை...

"என் ஃப்ரெண்ட் ஜெரூஷாவோட அண்ணன் காலேப்புக்கு நடந்தது. நான் கதை விடல," என்றாள் கோகிலவாணி.

மழையில் எங்கள் ஆபீஸ் வண்டி ஜி.எஸ்.டி. சாலையில் நின்றுவிட்டது. உள்ளே நான்கு பேர். ஓட்டுநர் ஜெயவேலு வைப்பரை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

காலேப் வேலை பார்த்தது ஆம்புலன்ஸ் அழைக்கும் ஒரு ஆப்பில். அது ஒரே நிரல் இல்லை. நாற்பது சின்ன நிரல்கள். ஒன்றையொன்று அழைக்கும். சர்வீஸ் மெஷ் என்ற ஏற்பாடு வந்த பிறகு அவை நேராகப் பேசுவதில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு காவலாள் நிரல் உட்கார்ந்திருக்கும். யார் கூப்பிட்டாலும் முதலில் அது கேட்கும். பிறகுதான் உள்ளே சொல்லும்.

"மந்திரிக்கு பி.ஏ. கீற மாதிரி," என்றார் ஜெயவேலு.

"அதேதான் அண்ணா. சைட்கார்னு பேரு."

பதில் வராவிட்டால் எத்தனை முறை திரும்ப அழைப்பது? அதையும் காவலாளுக்கு எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று காலேப் விட்டிருந்தான்.

உடன் வேலை செய்த மோகன்ராஜ் தினமும் காலேப்பின் பைக்கில்தான் வீடு திரும்புவான். பின்சீட்டில். அன்று காலேப் காத்திருக்கவில்லை. தூக்கம் வந்தது, கிளம்பிவிட்டான். மோகன்ராஜ் நடந்து வந்தான். ஒரு லாரி அடித்துவிட்டு நிற்காமல் போனது. விழுந்த இடத்திலிருந்து அவன் அதே ஆப்பில் ஆம்புலன்ஸ் கேட்டான். அழைப்பு ஒருமுறை போனது. பதில் இல்லை. மறுமுறை போகவில்லை.

நேரம் இரண்டு நாற்பது.

மோகன்ராஜின் அடக்கம் முடிந்த அன்றிரவு, காலேப் வீட்டு கேட்டுக்கு வெளியே...

"காலேப்..."

ஒரே முறை. ஜன்னல் வழியாக ஈர மண்ணும் டீசலும் கலந்த நெடி.

எழுந்தவனின் கையை மனைவி டெபோரா பிடித்துக்கொண்டாள். "போகாதீங்க. ராத்திரியில ஒருதரம் கூப்பிட்டா அது மனுஷன் இல்ல. மனுஷன்னா மூணு தரம் கூப்பிடுவான்."

"ஜெபம் பண்ற வீட்ல என்னடி பேச்சு இது?"

ஆனால் அவன் போகவில்லை.

ஒன்பது இரவுகள். ஒவ்வோர் இரவும் ஒரே முறை.

பத்தாம் நாள் காலேப் அந்த விதியை எழுதினான். பதில் இல்லையென்றால் மூன்று முறை அழை. எல்லா அழைப்புக்கும் பொது. இனி யாருக்கும் அப்படி ஆகாது. அன்றுதான் நிம்மதியாகப் படுத்தான்.

இரண்டு நாற்பது.

"காலேப்..."

டெபோராவின் கை இறுகியது.

"காலேப்..."

இரண்டாவது அழைப்பு இதுவரை வந்ததில்லை.

"காலேப்..."

"மனுஷன்தான்," என்றாள் டெபோரா. கையை விட்டாள்.

அவன் போய்க் கதவைத் திறந்தான். கேட் வரை போனான். யாரும் இல்லை. திரும்பி வந்து படுத்துக்கொண்டான்.

வண்டியின் கூரையில் மழை.

"அப்பால? ஒண்ணியும் ஆவலியா?" என்றார் ஜெயவேலு.

"ஒண்ணும் ஆகல. வேலைக்குப் போறாரு, சர்ச்சுக்குப் போறாரு. ஆனா எது கேட்டாலும் பதில் கொஞ்சம் லேட்டா வருது. சாப்டீங்களான்னு கேட்டாக்கூட. பக்கத்துல யாரோ முதல்ல கேட்டுட்டு, அப்புறம் அவர்கிட்ட சொல்ற மாதிரி..."

மழை விட்டது. ஜெயவேலு சாவியைத் திருப்பவில்லை.

"பைக்ல பின்னாடி இருக்கிற ஃபுட்ரெஸ்ட் ரெண்டையும் டெபோரா தினம் ராத்திரி மடக்கி வைக்கிறாங்க," என்றாள் கோகிலவாணி. "காலையில ரெண்டும் இறங்கியிருக்கு... ஈரமா."