வேணாம்னு சொன்னது யாரு

இல்ல சார், அதை மட்டும் மாத்த முடியாது. வேற எந்தப் பக்கத்துல வேணா கை வைங்க. முன்னுரையைத் தூக்கணுமா, தூக்குங்க. தலைப்பு சரியில்லையா, நீங்களே ஒண்ணு வைங்க. ஆனா கதைல வர்ற அந்தப் பொண்ணு பஸ்ஸுல ஏறமாட்டா. அவ்வளவுதான். அவளை ஏத்தி விடத்தான் பதிப்பகத்துலேர்ந்து இவ்வளவு தூரம் வந்தீங்கன்னா, உங்க கால்வலிதான் மிச்சம். முதல்ல உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி இல்ல, அதுல பாப்பா பசை ஊத்தி வச்சிருக்கா. இப்படி வாங்க. அந்தத் துணியை ஒதுக்கிட்டு உக்காருங்க. துவைச்சதுதான், மடிக்கல, அவ்வளவுதான்.

இவதான் பாப்பா. மூணு முடிஞ்சு நாலு நடக்குது. புது ஆள் வந்தா இவ முகத்தைப் பார்க்கமாட்டா, செருப்பைத்தான் பார்ப்பா. பாருங்க, மாட்டிக்கிட்டு கிளம்பிட்டா. ஒண்ணும் பண்ணமாட்டா சார், வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துடுவா. அவகிட்ட பேரெல்லாம் கேக்காதீங்க, விடுங்க. நாம பேசுவோம்.

நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல. லாட்ஜுல போர்வை துவைக்கிற பொண்ணு. புருஷன்கிட்ட அடி வாங்கி வாங்கி அலுத்துப்போய் வீட்டை விட்டு வந்தவ. அவன் தேடிக்கிட்டு வந்துட்டான். அழறான், இனிமே குடிக்கமாட்டேங்கறான், டிக்கெட்டும் எடுத்துட்டான். பஸ் நிக்குது. இவ படியில கால் வைக்கப்போறா. படிக்கிறவங்க எல்லாரும் அப்பாடான்னு மூச்சு விடப்போற நேரத்துல, வேணாம்னு ஒரே ஒரு வார்த்தை. பஸ் போயிடுது. மீதிப் புத்தகம் முழுக்க அவ தனியாத்தான் இருக்கா. முன்னாடி ஒரு காரணமும் சொல்லாம திடுதிப்புன்னு இப்படித் திரும்பினா யாரு நம்புவாங்கன்னு கேக்கறீங்க. அந்த வார்த்தை அவ வாயிலேர்ந்து வர்ற மாதிரியே இல்லங்கறீங்க. சொல்லுங்க, சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. கேக்காம இருக்க எனக்கும் இருக்கு.

உங்களுக்கு எதனால இந்தச் சந்தேகம் வந்துதுன்னும் தெரியும். எல்லாம் அந்த டைப் அடிக்கிற பொண்ணால வந்தது. நான் கதையைப் பேசி போன்ல பதிவு பண்ணி, முனைக்கடைல இருக்கற அந்தப் பொண்ணுக்கு அனுப்பிடுவேன். தங்கமான பொண்ணு சார். காதுல விழுந்த எதையும் விடமாட்டா. நான் என்ன கண்டேன், அவ நிஜமாவே எதையும் விடமாட்டான்னு! லாட்ஜ் முதலாளிகிட்ட இவ சம்பளம் கேக்கற கட்டம் இருக்கில்ல, உயிரைக் குடுத்துச் சொன்னேன் அதை. அவ எப்படி அடிச்சு வச்சிருந்தா? முதலாளி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார், ஆ காட்டு, இன்னும் பெரிசா, துப்பாதே, துப்பினே பிச்சுப்புடுவேன். இந்த லட்சணத்துல அது நேரா உங்களுக்கு வந்துடுச்சு. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பார்த்திருக்கலாமேன்னா, எங்க சார் படிக்கறது?

சிரிக்காதீங்க. நீங்க அன்னைக்கு போன்ல என்ன சொன்னீங்க? ரொம்பப் புதுசான உத்தி மேடம், ஒரு முதலாளியோட அதிகாரத்தை இதைவிட நறுக்குன்னு யாரும் சொன்னதில்லைன்னீங்க. போனை வச்சுட்டு நானும் எங்க வீட்டுக்காரரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அவர் லிஃப்ட் ரிப்பேர் பண்றவர், கதை கிதையெல்லாம் படிக்கமாட்டார். ஆனா அந்த ஒரு பக்கத்தை மட்டும் வேலை செய்யற இடத்துக்கெல்லாம் எடுத்துட்டுப் போய்க் காட்டினார். அப்புறம் எனக்குத்தான் மனசு கேக்கல. உண்மையைச் சொல்லிட்டேன், அதெல்லாம் பாப்பாவுக்குச் சோறு ஊட்டறப்ப சொன்னது சார்னு. உடனே நீங்க பென்சிலை எடுத்துட்டீங்க. துப்பாதே போச்சு. மூக்குலேர்ந்து விரலை எடு போச்சு. சோப்பைத் தின்னாதேடி போச்சு. நியாயம்தான், நான் ஒண்ணும் சொல்லல. அதே கையோட இந்த வேணாமும் போகணும்னு வந்து நின்னீங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பொத்துக்கிட்டு வருது.

கையால எழுதலாமேங்கறீங்க. ஆசையைப் பாருங்க! ஒரு கூட்டத்துல ஒரு பெரிய எழுத்தாளர் பேசினார். தினமும் ஒரே நேரத்துல, ஒரே இடத்துல, கதவைச் சாத்திக்கிட்டு உக்காரணுமாம். கதை தானா வருமாம். நானும் கை தட்டிட்டுத்தான் வந்தேன். எங்க வீட்டுல பாத்ரூம் கதவையே சாத்த முடியாது சார். சாத்தினா வெளியில நின்னு கதவை உதைப்பா. நான் பேனாவைத் தொட்டா எப்படித்தான் அவளுக்கு மூக்குல வேர்க்குமோ. நல்லா தூங்கிக்கிட்டு இருப்பா, மூடியைத் திறக்கறேன், கண்ணைத் திறக்கறா. மடியில வந்து ஏறிக்குவா. தாளை இழுப்பா, பேனாவைப் பிடுங்குவா. கம்ப்யூட்டரைத் திறந்தா அதுமேல ஏறி உக்காந்துடுவா. அந்த எழுத்தாளருக்குச் சோறு யார் போட்டாங்க, அவர் பிள்ளைக்கு யார் கால் கழுவி விட்டாங்கன்னு கேட்டிருக்கணும். கேக்காம வந்துட்டேன்.

அதுக்காக விட்டுடுவேனா? விடமாட்டேன். சில நாள் ஒரு வரிகூட வராது, அது வேற விஷயம். வந்தாலும், இவ தரையில உருண்டு ஒரு அலறல் அலறினா அந்த வரி ஓடியே போயிடும். உக்காந்து அழுதிருக்கேன், எல்லாத்தையும் தூக்கிக் கடாசிடலாம்னு நினைச்சிருக்கேன். மறுநாள் பாத்திரம் தேய்க்கறப்ப லாட்ஜ் பொண்ணு வந்து பக்கத்துல நிப்பா. என்னை எங்க விட்டேன்னு கேப்பா. சரி வாடின்னு ஆரம்பிச்சுடுவேன். இவளைக் குளிப்பாட்டிக்கிட்டே, தலை வாரிக்கிட்டே, பார்க்குல ஊஞ்சல் ஆட்டிக்கிட்டேதான் மொத்தப் புத்தகத்தையும் பேசி முடிச்சேன். பக்கத்துல இருந்தவங்க பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க. நினைச்சுக்கட்டும்.

என் நாத்தனார் வந்தா முதல்ல அடுப்படியைப் பார்ப்பாங்க, அப்புறம் என்னைப் பார்ப்பாங்க. பச்சைக் குழந்தைகிட்ட போய்ப் புருஷனை விட்டுட்டுப் போனவ கதையைச் சொல்றியே, மனசுல பதிஞ்சுடாதாங்கறாங்க. பதியட்டுமே அண்ணின்னேன். முகம் சுண்டிப்போச்சு. இந்த எழுத்தையெல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டு ரெண்டு வருஷம் குழந்தையோட இருந்தா என்ன குறைஞ்சு போச்சுங்கறாங்க. குழந்தையோடதானே சார் இருக்கேன்? விடிஞ்சதுலேர்ந்து இவ என் இடுப்புல இருக்கா, கதை என் வாயில இருக்கு. இதுல யாரை யார்கிட்டேர்ந்து நான் பிடுங்கிட்டேன்?

நீங்களும் அதையேதான் கொஞ்சம் நாகரிகமா சொல்றீங்க. பாப்பா ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சதும் நிதானமா உக்காந்து அந்தக் கட்டத்தைத் திருத்திக் குடுங்க, காத்திருக்கோம்னு. நல்ல மனசுதான் உங்களுக்கு. ஸ்கூல்ல சேர்த்துக்கமாட்டேன்னுட்டாங்க சார். அடுத்த வருஷம் பார்க்கலாம்னு அனுப்பிட்டாங்க. அதை விடுங்க.

என்ன? சொல்லுங்க, ஏன் மென்னு முழுங்கறீங்க? அந்த வார்த்தை லாட்ஜ் பொண்ணு சொன்னதா, இல்ல பாப்பா குறுக்கே சொன்னதான்னு கேக்கறீங்க. கெட்டிக்காரர் சார் நீங்க. இதைக் கேக்கத்தான் இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சீங்களா?

ஆமா. பாப்பா சொன்னதுதான். இருங்க இருங்க, பென்சிலை எடுக்காதீங்க. இன்னும் நான் முடிக்கல. அந்தத் தாள் கட்டைப் பிரிச்சு, நீங்க வெட்டின வரியை எல்லாம் இன்னொரு தடவை பாருங்க. ஆ காட்டு. யார் சொன்னது? நான். கையைக் குடு, காலைத் தூக்கு, அங்க பாரு நாய். எல்லாம் நான். பதிலுக்கு அவ ஏதாவது சொன்ன மாதிரி ஒரு வரி இருக்கா? ஒரு அம்மா? ஒரு ம்? தேடுங்க. டைப் பொண்ணு எதையும் விடமாட்டான்னு சொன்னேனே. இருந்திருந்தா அடிச்சிருக்கமாட்டாளா?

இருக்காது சார். பாப்பா பேசமாட்டா. காது நல்லாக் கேக்கும். எல்லாம் புரியும், இப்ப நாம பேசறதுகூடப் புரியும். வார்த்தை மட்டும் வரல. எத்தனையோ டெஸ்ட் எடுத்துப் பார்த்தாச்சு. டாக்டரம்மா சொன்னாங்க, நீங்க விடாம பேசிக்கிட்டே இருங்க, வர்றப்ப வரும்னு. நானும் பேசினேன். இது தட்டு, இது டம்ளர், இது ஜன்னல், இது செருப்புன்னு காட்டிக் காட்டிப் பேசினேன். ஒருநாள் வீட்டுல இருக்கற சாமானெல்லாம் தீர்ந்துபோச்சு. இனி என்னத்தைச் சொல்றதுன்னு தெரியல. அப்பத்தான் மனசுல கிடந்த கதையை எடுத்துச் சொல்ல ஆரம்பிச்சேன். கையால எழுத முடியலங்கறது பாதிதான் சார். மீதி இதுதான். நாத்தனார் என்ன சொல்றாங்க தெரியுமா? நீ கதையிலயே மூழ்கிக் கிடந்தே, அதான் புள்ளைக்குப் பேச்சு வரலன்னு. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாங்க. அன்னைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனா மறுநாளும் பேசினேன்.

லாட்ஜ் பொண்ணை பஸ்ஸுல ஏத்தி விடத்தான் நானும் போனேன். நம்புங்க. நீங்க கேக்கற முடிவைத்தான் நானும் வச்சிருந்தேன், குடும்பத்தோட சேர்த்து வச்சுட்டா நாலு பேர் வாங்கிப் படிப்பாங்கன்னு. இவளைக் குளிப்பாட்டித் துவட்டிக்கிட்டு இருந்தேன். அவன் கையை நீட்டினான், அவ படியில காலைத் தூக்கினான்னு சொல்லிக்கிட்டே துண்டை எடுத்தேன். பாப்பா ஈரக்கையால என் வாயைப் பொத்தினா. பொத்திட்டு, வேணாம்னு சொன்னா. தெளிவா, உங்களை மாதிரி, என்னை மாதிரி. டைப் பொண்ணுக்கு யார் குரல்னு எங்க தெரியப்போகுது? கதைல சேர்த்து அடிச்சுட்டா. அந்த வார்த்தைக்குப் பின்னாடி வரிசையா புள்ளி இருக்கு பாருங்க. அச்சுப் பிழைன்னு சுழிச்சு வச்சிருக்கீங்களே, அதுதான். அது பிழை இல்ல சார், நான் அழுதது. அதை எப்படி அடிக்கறதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியல.

பாப்பா வேணாம்னப்புறம் நான் எப்படி சார் லாட்ஜ் பொண்ணை ஏத்தி விடுவேன்? என் கதையை முதல்லேர்ந்து கேட்டு, இது தப்புன்னு சொன்ன முதல் ஆள் அவ. நீங்க ரெண்டாவது. காரணம் இல்லங்கறீங்க. அடி வாங்கினவ திரும்பிப் போகாததுக்கு நாலு வயசுக் குழந்தைக்குக் காரணம் தேவைப்படல.

அதுக்கப்புறமா? இல்ல. அந்த ஒரு தடவைதான். என்னென்னமோ பண்ணிப் பார்த்துட்டேன். பஸ்ஸுல ஏத்தறேன் பாருன்னு மிரட்டிக்கூடப் பார்த்தேன். சிரிக்கறா, அவ்வளவுதான். இனிமே பேசுவாளா மாட்டாளா, எனக்குத் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. என் பொண்ணு இதுவரைக்கும் பேசினது அந்த ஒரே ஒரு வார்த்தைதான் சார். அதையும் வெட்டித்தான் ஆகணும்னா, இதோ உங்க முன்னாடிதான் நிக்கறா. அவ பார்க்க வெட்டுங்க, பார்க்கலாம்.