பெத்தேல் டிரேடர்ஸ் யாரு?

— மறுபடி மொதல்லேர்ந்து சொல்லு நைனா. நீ யாரு, எங்க வூட்டுக் காசப் பத்தி உனுக்கு இன்னா பேச்சு?

— பாய், படியேறி வந்த மூச்சே இன்னும் அடங்கல. உக்காந்து சொல்லுதேனே.

— குந்து. அந்தச் சேர் வேணாம், காலு ஆடும். இதுல குந்து.

— என் பேரு வால்டர். வண்ணாரப்பேட்டையில மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். நேத்து போன்ல பேசினது நாந்தான். ரெண்டு மாசமா அந்த நம்பருக்குப் போட்டுட்டே இருக்கேன், நேத்துதான் நீங்க எடுத்தீங்க.

— அது எங்க வூட்டம்மா போனு. அது மௌத்தானதும் அணைச்சு பீரோல வச்சிட்டேன். பேங்க் மெசேஜ் அதுலதான் வரும்னாங்க, அதுக்காவ நேத்து சார்ஜ் போட்டேன். மெசேஜ் வர்றதுக்குள்ள நீ வந்துட்ட.

— அம்மா தவறினது போன புதன்கிழமைதான் எனக்குத் தெரியும் பாய். மனசுக்குக் கஷ்டமாப் போச்சு.

— யாரு சொன்னா உனுக்கு?

— அதுக்குத்தான் வாரேன். முதல்ல இந்தக் காயிதத்தக் கேட்டுக்கிடுங்க. என் பேங்க்ல இருந்து வந்தது. ‘மே மாதம் 9ஆம் தேதி தங்கள் கடையின் இயந்திரத்தில் எடுக்கப்பட்ட ரூ. 4,650ஐத் தாம் செலவிடவில்லை என்று அட்டையின் உரிமையாளர் எழுத்துமூலம் தெரிவித்துள்ளார். குறித்த கெடுவுக்குள் தாங்கள் ஆதாரம் எதுவும் அனுப்பாததால், மேற்படி தொகை தங்கள் கணக்கிலிருந்து பிடித்தம் செய்யப்பட்டு அவருக்குத் திருப்பி அளிக்கப்படுகிறது.’ அந்த உரிமையாளர் நீங்கதான?

— சௌக்கத் அலின்னு போட்டுக்கீதா?

— கீழ போட்டிருக்கு.

— அப்போ நான்தான். ஆனா நான் எழுதிக் குடுத்தது பெத்தேல் டிரேடர்ஸ்னு ஒருத்தன் மேல. நீ இன்னாடான்னா கண்ணாடிக் கடைன்ற.

— அதுவும் நாந்தான் பாய். எங்கப்பா நாசரேத்துல இருந்து வந்து நூலு, பட்டன் மொத்த வியாபாரம் பண்ணாரு. பெத்தேல் டிரேடர்ஸ்னு பதிஞ்சு வச்சாரு. நான் போர்ட மாத்தினேன், பதிவ மாத்தல. பேங்க் கணக்குல அந்தப் பழைய பேருதான் விழுது.

— அத்த எப்டிப்பா நான் கண்டுக்கிறது? நம்பர் மாத்தணும்னு பேங்குக்குப் போனேன். கவுண்டர்ல சிவந்தின்னு ஒரு பொண்ணு, மூணு மாச கணக்க அச்சடிச்சு கையில குடுத்து, ‘ஐயா, தெரியாத செலவு எதுனா இருந்தா டிக் பண்ணிக் குடுங்க’ன்னுச்சு. எனுக்கு பாதி தெரியாததுதான். எல்லாம் எங்க வூட்டம்மா ரஹீமாதானே பாத்துக்கினு இருந்துச்சு. விநாயகா ஏஜென்சி இன்னான்னு பாத்தா, நம்ம தெரு மருந்துக் கடை. ஓஷன் என்டர்பிரைசஸ்னு ஒண்ணு, அது கேஸ் சிலிண்டரு. ஒவ்வொரு கடையா ஏறி எறங்கிக் கேட்டேன். முட்டி தேஞ்சு போச்சு. கடைசில ஒண்ணே ஒண்ணுதான் நின்னுச்சு, இந்தப் பெத்தேல்.

— ஒரு வார்த்த கடைக்கு வந்து கேட்டிருக்கலாம்.

— எந்தக் கடைக்கு? போர்டுலதான் பேரே இல்லியே.

— அதுவும் சரிதான்.

— கார்டு எப்பவும் பீரோல கீது. எனுக்கு மிஷின்லாம் தெர்யாது. ரகசிய நம்பர் போடாம எப்டிம்மா எடுத்தான்னு கேட்டேன். ‘ஐயாயிரத்துக்குள்ள நம்பரே வேணாம் ஐயா, தட்டினாப் போதும்’னுச்சு அந்தப் பொண்ணு. சரி, எவனோ தட்டிக்கினான்னு எழுதிக் குடுத்துட்டேன். தப்பா?

— தப்புன்னு சொல்ல வரல. என் மேலயும் தப்பு இருக்கு. பில்லக் கேட்டு மெயில் போட்டாங்களாம். கடையில நான் ஒத்த ஆளு. வார ஆளப் பாக்கவா, லென்ஸ் தேய்க்கவா, மெயில் பாக்கவா? பாக்கல, கெடு முடிஞ்சுபோச்சு. ஆனா பாய், தட்டினது எவனோ இல்ல. இந்தாங்க பில்லு.

— இம்மாம் சின்ன எழுத்து எனுக்குத் தெர்ல. நீயே படி.

— பேரு, ரஹீமுன்னிசா. ஊரு, ராயபுரம். அவங்க போன் நம்பர்.

— ரஹீமாவா? அதுக்குத்தான் ஆசுபத்திரியில குடுத்த கண்ணாடி ஒண்ணு இருந்துச்சே. நாலாயிரத்துச் சொச்சத்துக்கு இன்னொண்ணு வாங்கினா எங்கையில சொல்லாம இருக்காது.

— அம்மாவுக்கு இல்ல பாய். சின்னப் புள்ளைக்கு. ஏழு வயசு, ஆரோன்னு பேரு. ரெண்டு கண்ணுலயும் பவர் ஜாஸ்தி. சாதா லென்ஸ் போட்டா சோடா பாட்டில் மாதிரி இருக்கும், பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்கன்னு, மெல்லிசு லென்ஸா போடச் சொன்னாங்க.

— ஆரோனா? எங்க சொந்தத்துல ஆரோன்னு யாரும் இல்ல.

— கூட அவனோட அம்மாவும் வந்திருந்துச்சு. ரூபினா.

— போதும். பில்ல மடி.

— பாய், நான் சொல்லுதத...

— மடின்றேன் இல்ல.

— மடிச்சிட்டேன்.

— எட்டு வருசம் ஆச்சு. எண்ணூர்ல டயர் கடை வச்சிக்கினு கீறான் ஜெரின்னு ஒருத்தன். அவன் கையப் புடிச்சிக்கினு போனா எம்பொண்ணு. அன்னைலேர்ந்து இந்த வூட்டுல நான் அவ பேர சொன்னதில்ல, ரஹீமாவும் சொன்னதில்ல. ரெண்டு பேரும் ஒண்ணா வுட்டுட்டோம்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். சனிக்கெயமைக்குச் சனிக்கெயம மீன் வாங்கப் போறேன்னு போவும். கால் கிலோ மீனுக்கு இன்னாத்துக்கு மூணு மணி நேரம்னு ஒரு நாளு நான் கேட்டதில்ல.

— போனவங்க மேல கோவப்பட்டு என்ன ஆவப் போவுது பாய்.

— கோவமா? கோவப்பட தெம்பு வேணும் நைனா. எனுக்கு அசதியா கீது. நாப்பது வருசம் பக்கத்துல குந்தி சோறு தின்னவ. அது எங்க போச்சு, யாரப் பாத்துச்சுன்னு பேங்க் சீட்டு சொல்லித்தான் எனுக்குத் தெரியணுமா?

— அந்தப் பொண்ணு அடக்கத்துக்கு வரலியா?

— வந்தா. தெரு மொனையில நின்னுக்கினு இருந்தான்னு சொன்னாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பல. மய்யித்த தூக்கினதும் போயிட்டாளாம்.

— பாவம், அந்தப் பொண்ணு.

— நீ இன்னாத்துக்கு வந்தே, அத்த சொல்லு.

— காசுக்குத்தான். பொய் சொல்லல. அந்த லென்ஸ் அவன் பவருக்குன்னே சொல்லி வரவழைச்சது, வேற யாருக்கும் ஆவாது. கண்ணாடி ரெடியாகி ரெண்டு மாசமா வாங்க ஆளில்லாம கெடந்துச்சு. கடையும் முன்ன மாதிரி ஓடல. சனங்க கடையில வந்து மாட்டிப் பாக்குதாங்க, அப்புறம் போன்ல வாங்கிக்கிடுதாங்க. நாலாயிரத்து அறுநூத்தம்பதுன்னா எனக்கு ரெண்டு வாரத்துச் சாப்பாடு பாய்.

— மிஷின் கொண்டாந்துக்கிறியா?

— பையில இருக்கு.

— இந்தா கார்டு. தட்டிக்க. ஹார்பர்ல முப்பத்தஞ்சு வருசம் கிரேன் ஓட்டினவன் நான். அடுத்தவன் பொருள் ஒரு ஆணி இந்த வூட்டுக்கு வந்ததில்ல. உன் காசும் வேணாம்.

— ஒரு நிமிஷம்... வந்திட்டு பாய். ரொம்ப நன்றி. இந்தாங்க கண்ணாடி.

— அது எனுக்கு இன்னாத்துக்கு? அவங்களாண்டயே குடுத்துடு. புதன்கெயம உனுக்கு மௌத்து சேதி சொன்னது ரூபினாதானே? அன்னைக்கே குடுத்து அனுப்பாம ஏன் வச்சிக்கினே?

— அதாம் பாய் எனக்கு உறுத்துது. திங்கக்கிழம என் கணக்குல பணத்த எடுத்தாங்க. புதன்கிழம அந்தப் பொண்ணு வந்து நிக்குது. ‘அம்மா போனதுல இருந்து இந்தக் கடைக்கு வர மனசே வரலண்ணே. இப்ப பள்ளிக்கூடத்துல எழுதிப் போடுறது தெரியலன்னு டீச்சர் இவன முன்னால தரையில உக்கார வைக்காங்க. கண்ணாடியக் குடுங்க’ன்னு கேட்டுது. நான் இருந்த எரிச்சல்ல, ‘உங்கப்பா பேங்க்ல எழுதிக் குடுத்து காசத் திருப்பி வாங்கிட்டாரு, கண்ணாடி கெடையாது’ன்னுட்டேன்.

— புள்ள கூட இருந்தானா?

— இருந்தான். அதுக்குள்ள கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு, சுவத்துல இருக்க எழுத்தெல்லாம் சத்தமா படிச்சிட்டிருந்தான். நாந்தான் கழட்டி வாங்கி வச்சேன்.

— யா அல்லா. அவ என்னத் திட்டினாளா?

— திட்டல.

— பின்ன இன்னா சொன்னா? மழுப்பாத, அப்படியே சொல்லு.

— எப்படிச் சொல்ல? மே மாசம் பில்லு போடும்போது அம்மா ரூபினாகிட்ட பேசினது என் காதுலயும் விழுந்துச்சு. ‘இது அத்தா குடுத்த கார்டு. ஸ்கூல் பீஸ், செருப்பு, எல்லாமே அத்தா குடுத்ததுதான். வந்து நிக்கத்தான் கூச்சப்படுறாரு’ன்னாங்க. அந்தப் பொண்ணு கண்ண தொடச்சிக்கிட்டுது.

— நான் குடுத்ததா? நான் எங்க குடுத்தேன்?

— புதன்கிழம போவும்போது வாசப்படியில நின்னு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிச்சு பாய். ‘எட்டு வருசமா அத்தா வெளிய தெரியாம எங்களப் பாத்துக்கிட்டாரு. அம்மா போனதும் அவருக்கும் வெறுத்துப் போச்சு போல. விடுங்கண்ணே, அவரத் தொந்தரவு பண்ணாதீங்க’ன்னு.

— அந்தக் கண்ணாடிய இங்க குடு.

— பாய்? தண்ணி கொண்டாரட்டா?

— வேணாம். ரஹீமா போன்ல அவ நம்பர் இருக்கும், அவளுக்குப் போன் போடு. வயசாயிடுச்சு, கார்டக் குடுத்து அனுப்பினத மறந்துட்டு எழுதிக் குடுத்துட்டாராம்னு சொல்லு. கண்ணாடிய எடுத்துக்கினு நானே எண்ணூருக்கு வர்றேன்னு சொல்லு. ரஹீமா சொன்னது பொய்யின்னு மட்டும் வாயத் தொறந்துடாத நைனா.