‘ரைட்’ என்றால் எந்தப் பக்கம்?

இந்த மாலையின் தலைமை நாற்காலியைத் தம் புன்னகையால் நிறைத்திருக்கும் பாண்டி பஜார் துணிக்கடை அதிபர் அண்ணாச்சி நல்லசிவம் அவர்களே! ‘சூறாவளிச் சக்கரம்’ படத்தை எடுத்து, நூறு நாள் ஓட்டி, அந்த நூறு நாளும் தாம் மட்டும் உட்காராமல் ஓடிய தயாரிப்பாளர் கணேசமூர்த்தி அவர்களே! மேடையை அலங்கரிக்கும் கலைஞர்களே! முன்வரிசை மூத்தோர்களே! மின்விசிறி சுற்றாத பக்கம் இடம் கிடைத்தும் முகம் சுளிக்காத தாய்மார்களே! வாசலை அடைத்து நிற்கும் வாலிபச் சிங்கங்களே! தியாகராய நகரத்துக் கொசுக்கள் நீங்கலாக இங்கே கூடியிருக்கும் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் உமர் ஃபாரூக். இந்தப் படத்தின் உதவி இயக்குநர். ‘அந்தக் காட்சி’யைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும், பேசி முடித்ததும் அதற்கான கேடயம் எனக்கு வழங்கப்படும் என்பது நிகழ்ச்சி நிரல்.

எந்தக் காட்சி? கேட்கவும் வேண்டுமா? சிவப்புக் கார் சீறி வருகிறது. பந்தய எல்லைக்கோடு தெரிகிறது. எதிரி பின்னால் வருகிறான். சட்டென்று கார் கடலுக்குள் பாய்கிறது. அலை இரண்டாகப் பிளந்து ஆள் உயரம் எழுகிறது! போதும் தம்பி, போதும். உன் விசில் அளவுக்கு அந்தக் காரே சத்தம் போடவில்லை.

பத்திரிகைகள் எழுதின. ஆசைக் கடலில் பாயும் மனித மனம் என்றது ஒன்று. இயக்குநரின் துணிச்சல் என்றது இன்னொன்று. இதை வகுத்தவர் இளைஞர் ஃபாரூக் என்றது மூன்றாவது. நான் மூன்றையும் கத்தரித்து வைத்திருக்கிறேன். மூன்றும் தவறு.

வகுத்தது யார்? ஒருவரும் இல்லை! வரைந்தது யார்? ஒருவரும் இல்லை! எழுதிய காட்சியில் கார் கடல் பக்கமே போகாது. வடக்கிலிருந்து ஈரமணலில் வந்து, வலப்புறம் திரும்பி, கரையில் கட்டிய நாடாவை அறுக்க வேண்டும். அவ்வளவுதான்.

காரையும் சொல்லிவிடுகிறேன். பந்தயக் காருக்கு எங்களிடம் வசதி இல்லை. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை ஒன்றில் பழைய டாக்சி ஒன்றை உரித்து, தகரம் போர்த்தி, சிவப்பு அடித்தோம். தூரத்தில் பார்த்தால் பந்தயக் கார். கிட்டத்தில் பார்த்தால் பிஸ்கட் டின். பந்தயத் திடலும் கிடைக்கவில்லை. திருவான்மியூர் கடற்கரை கிடைத்தது.

ஓட்டியது யார்? நாயகர் என்று நினைத்துத்தானே விசில் அடித்தீர்கள்? நாயகர் மன்னிக்க வேண்டும். அவர் அப்போது குடைக்கடியில் இளநீர் அருந்திக்கொண்டிருந்தார். ஓட்டியவர் லாசர். பதினெட்டு ஆண்டு இந்த நகரத்தில் பஸ் ஓட்டியவர். சினிமாவில் கார் ஓட்டலாம், பெயர் திரையில் வரும் என்று நாங்கள் சொன்னதை நம்பி அந்த வேலையை விட்டு வந்தவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “பேரு பெர்சா வோணாம் சார். எங்க தெருவுல கீறவன் பட்ச்சிப் பார்க்குற அளவுக்கு இருந்தா போதும்.”

ஒத்திகையில் ஒரு சிவப்புக் கொடி. நான் கொடியை இறக்கியதும் லாசர் வலப்புறம் திரும்ப வேண்டும். மூன்று முறை சரியாகத் திரும்பினார். நான்காவது முறை காமிரா ஓடியது, காரும் ஓடியது, கடற்காற்று வந்து என் கையிலிருந்த கொடியும் ஓடியது! நான் என்ன செய்தேன்? கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி இருந்தது. மைக்கைப் பிடித்தேன். ஆங்கிலம் படித்தவன் அல்லவா? அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: “லாசர்! ரைட்! ரைட்!”

என்ன அண்ணாச்சி? “பொறவு என்னவே ஆச்சு, அதச் சொல்லும்!” என்கிறார் தலைவர். சொல்கிறேன் அண்ணாச்சி.

லாசர் திரும்பவில்லை. இன்னும் வேகமாக நேரே போனார். நேர் எதிரே மீனவர் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. வலை ஓரத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்தார் தேசம்மா என்ற தாய். காருக்கும் அவருக்கும் இடையே பத்து முழம். லாசர் வண்டியை ஒடித்தார், இடப்புறம். அங்கே இருந்தது கடல் மட்டும்தான். காமிராக்காரர் கைப்பிடியை விடவில்லை. உங்கள் விசில் முழுவதும் அந்த ஒரு நொடிக்குத்தான், தோழர்களே.

காரை வடம் கட்டி இழுத்தோம். இயந்திரம் முழுக்க உப்புநீர். “யாரு உன்ன நேரா போகச் சொன்னது?” என்று தயாரிப்பாளர் கேட்டார். நனைந்து நின்ற லாசர் சொன்னார்: “ரைட்டு ரைட்டுன்னு கொரலு வந்துச்சி சார். போனேன்.”

கூட்டம் குபீரென்று சிரித்தது. வலது எது, இடது எது என்று தெரியாதவனுக்கு வண்டி எதற்கு என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். அதை இந்த மேடையில் மறைக்க மாட்டேன், நானும் சிரித்தேன். சொன்ன பேச்சு கேளாதவர் என்று பெயர் பரவியது. பிறகு ஒரு படக் கம்பெனியும் அவரை அழைக்கவில்லை. இன்று திருவான்மியூரில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். திரையில் வரும் பெயர்ப் பட்டியலை எழுதியவன் நான். ‘கார் ஓட்டியவர் லாசர்’ என்ற வரியை அடித்தவனும் நான். அடித்ததால் கிடைத்த இடத்தில் என்ன போட்டேன் தெரியுமா? என் பெயருக்குப் பின்னால் பி.ஏ.!

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எனக்கு அது விளங்கப் பல மாதம் தேவைப்பட்டது. மூன்று வாரம் முன்பு மந்தைவெளியில் அடையாறு போகும் பஸ் ஏறினேன். கண்டக்டர் குரல் கொடுத்தார்: “ரைட், ரைட்!” பஸ் வலப்புறம் திரும்பியதா? இடப்புறம் திரும்பியதா? நேரே போனது! நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தச் சென்னையில் பஸ் ஏறிய குழந்தைக்குக்கூடத் தெரியும், ரைட் என்றால் போ. ஹோல்டான் என்றால் நில். பதினெட்டு ஆண்டு அந்தச் சொல்லுக்கு ஆக்சிலேட்டரை மிதித்த மனிதரிடம், அதே சொல்லை இரண்டு முறை கத்திவிட்டு, அவருக்கு வலது தெரியாது என்று சிரித்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திருவான்மியூர் போய் லாசரைத் தேடிப் பிடித்தேன். தவறு என்னுடையதுதான் என்று தலை குனிந்து சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “ஹோல்டான்னு ஒரு கொரல் குட்த்திருந்தா அங்கியே நின்னுருப்பேனே சார்” என்றார், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற தேசம்மா விடவில்லை. “நல்லா கீது நைனா ஒங்க நாயம்! அந்த மன்சன் ஒடிக்கலன்னா, ஒங்க படம் ஓடுற நேரத்துல நானும் எங்கூட்டு செவுத்துல படமாத் தொங்கினு இருப்பேன்!”

ஆகவே கணேசமூர்த்தி அவர்களே! அந்தக் கேடயம் என் கைக்கு வரக்கூடாது, லாசர் கைக்குப் போக வேண்டும். தென்மாவட்டங்களுக்கு அடுத்த வாரம் படத்தின் புதிய பிரதிகள் போகின்றன. அவற்றில் என் பி.ஏ.வை எடுத்துவிடுங்கள். அடித்த வரியை அதே இடத்தில் போடுங்கள். தெருவில் இருப்பவர் படிக்கும் அளவில் போடுங்கள். அடுத்த படத்தில் காருக்கு ஆள் தேடுகிறீர்களே, அந்த ஆள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார். தலையசைக்கிறாரா? தயாரிப்பாளர் தலையசைக்கிறார்! அண்ணாச்சி, நீங்களே சாட்சி.

அதோ, வாசல் தூண் ஓரம், தேசம்மா அம்மாள் கையைப் பிடித்து இழுக்க, வர மாட்டேன் என்று நிற்கிறாரே, அவர்தான். என்னது? “வேணாம் சார், வுட்டுடு” என்கிறாரா? கடலுக்குள் போகக் கூசாத மனிதர் இந்த மேடையின் ஐந்து படி ஏறக் கூசுகிறார். வாலிபச் சிங்கங்களே, வழி விடுங்கள். தாய்மார்களே, கொஞ்சம் ஒதுங்குங்கள். கேட்டிருந்த உங்களுக்கெல்லாம் என் நன்றியும் வணக்கமும். மிச்சம் ஒரே ஒரு சொல். தப்பான இடத்தில் கத்திய அந்தச் சொல்லை இன்று சரியான இடத்தில் சொல்லி இறங்குகிறேன்.

லாசர் அண்ணே! ரைட்! ரைட்!