சொன்ன பிறகே கையெழுத்து

நாடி பிடிக்கும் முன் நோயாளியின் நா சொல்வதைக் கேளுங்கள் என்று நாளும் நயந்துரைத்த நல்லாசிரியரே, கத்தி பிடிக்கும் கைகளுக்குக் கதை படிக்கக் கற்பித்து இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் தேவகிருபை அம்மையீர், வணக்கம்.

மருத்துவர்கள் நிறைந்த நம் கல்லூரியில் மருத்துவரல்லாத ஒரே ஆசிரியராக, இருபத்தொன்பது ஆண்டுகள், வியாழன்தோறும் ஒரு மணி நேரம் இலக்கியமும் அறமும் கற்பித்தீர்கள். "இது தேர்வில் வருமா?" என்று அன்று கேட்டவர்களில் பலர் இன்று இந்த மேடையில்தான் நிற்கிறோம்.

நீங்கள் வார்டுக்குத் தந்த வழக்கம் ஒன்று. சம்மதப் படிவத்தை முழுதும் படித்துக் காட்டி, தமக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்பதை நோயாளி தம் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.

பாராட்டு மடலில் வராத சொல் ஒன்றை எழுதுகிறோம்: பயமாக இருக்கிறது. சென்ற மாதம் நீங்கள் விடுப்பில் இருந்த பத்தே நாளில், உங்கள் மாணவரும் இன்று அறுவை சிகிச்சைத் துறையில் எங்கள் சகாவுமான ஜெரால்ட், வார்டு நெரிசலில் மீன் விற்கும் இருதயம்மாளிடம் படித்துக் காட்டாமலே கையெழுத்து வாங்கிவிட்டார். சர்க்கரைப் புண் முற்றி, பாதத்தையே எடுக்க வேண்டிய நிலை. தள்ளுவண்டியில் ஏற்றும்போது அந்த மீன்காரம்மா கேட்டார்: "புண்ண கழுவிட்டு உட்ருவீங்கல்ல நைனா? நாளான்னிக்கு காசிமேட்டாண்ட வேலை கீது."

வண்டி நின்றது. ஜெரால்ட் தரையில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டினார். அந்த அம்மா அழுதார். மகளை வரவழைத்துப் பேசினார். மறுநாள் தாமாகவே சம்மதித்தார். அவர் அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் எங்களை உலுக்குகிறது.

உங்கள் இடத்துக்கு எவரையும் நியமிக்கவில்லை. புதிய கால அட்டவணையில் உங்கள் வியாழக்கிழமை வகுப்பே இல்லை. நாளை நாங்களும் அந்தக் கட்டிலில் படுப்போம். சுற்றி நிற்பவர்கள் உங்களிடம் படிக்காதவர்களாக இருப்பார்கள்.

ஆகவே அந்த வகுப்பை நாங்களே முறைவைத்து நடத்தத் துணிகிறோம், நடத்த முடியுமா என்ற அச்சத்தோடுதான். நீங்கள் நலமும் நிறைவும் பெற்று நெடுநாள் வாழ்க. நோயென்று போனால், உட்கார்ந்து கேட்கும் மருத்துவரே உங்களுக்கு வாய்க்கட்டும்.

இம்மடலின் கீழ் இன்னும் யாரும் கையெழுத்திடவில்லை. எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதை ஒவ்வொருவராக உங்கள் முன் வந்து, தம் வாயால் சொன்ன பிறகே கையெழுத்திடுவோம். முதலில் ஜெரால்ட் வருகிறார்.

தங்கள் அன்புக்குரிய
ஆசிரியர்கள், செவிலியர், பணியாளர்கள்